ஐ.ஜி.ஐ.யும் ஒளிந்தாடும் கணினி விளையாட்டுகளின் வணிகமும்

புரொஜெக்ட் ஐ.ஜி.ஐ. என்பது நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் இயங்கிய இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி, பிரிட்டனின் ஐடோஸ் நிறுவனம் 2000 டிசம்பரில் வெளியிட்ட கணினி விளையாட்டு. ஐ.ஜி.ஐ. என்ற மூன்று எழுத்துக்கு 'ஐ'ம் கோயிங் இன்', அதாவது 'உள்ளே போகிறேன்' என்று விரிவு. டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள் எதிரியின் ராணுவ முகாம்களுக்குள் தனியாக நுழைந்து, சொன்ன வேலையை முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். மொத்தம் 14 கட்டங்கள்.

2000க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பள்ளியிலோ பிரவுசிங் சென்டரிலோ கணினியைத் தொட்ட தமிழ்நாட்டுப் பையன்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. இந்தியா முழுவதும் இதே நிலைதான். 2003இல் ஐ.ஜி.ஐ. 2: கோவர்ட் ஸ்டிரைக் என்ற இரண்டாம் பாகம் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வழியாக வந்தது. அதோடு இன்னர்லூப்பின் கதை முடிந்தது, நிறுவனம் மூடப்பட்டது. இங்கே பையன்கள் அந்த ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் ஆடிக்கொண்டிருந்தபோது, அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

இவ்வளவு பேர் விரும்பிய ஒரு ஆட்டம் அதை ஆக்கியவர்களுக்கு ஏன் சோறு போடவில்லை? 'எல்லாம் திருட்டு சி.டி.தான் காரணம்' என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி இவ்வகை ஆட்டங்களின் இயல்பிலேயே இருக்கிறது.

ஒளிந்தாடுவது என்றால்

ஆங்கிலத்தில் ஸ்டெல்த் எனப்படும் இவ்வகையை ஒளிந்தாடும் ஆட்டம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். கண்ணாமூச்சியில் பிடிப்பவனின் கண்ணில் படாமல் தாச்சியைத் தொடுவதுதான் வெற்றி. பிடிப்பவனை அடித்து வீழ்த்துவது அல்ல. கணினியில் பிடிப்பவன் இடத்தில் காவலாளி நிற்கிறான். அவன் எங்கே நடக்கிறான், எப்போது திரும்புகிறான் என்று பார்த்துக் காத்திருப்பதே ஆட்டத்தின் பெரும்பகுதி.

இதன் வேர் 1981 வரை செல்கிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் சைலஸ் வார்னர் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய காசில் உல்ஃபென்ஸ்டைன், நாஜிக் கோட்டையிலிருந்து சீருடை மாற்றித் தப்பிச் செல்லும் ஆட்டம். 1987இல் ஜப்பானின் ஹிடியோ கோஜிமா மெட்டல் கியர் செய்தார். போர் ஆட்டம் ஒன்றைச் செய்வதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் எம்.எஸ்.எக்ஸ். 2 என்ற அந்தக் கணினியால் ஒரே திரையில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் காட்ட முடியவில்லை. அதனால் சண்டையைத் தவிர்த்துப் பதுங்கிப் போவதையே ஆட்டமாக மாற்றினார். இல்லாமையிலிருந்து பிறந்த வகை என்று இதைச் சொல்லலாம்.

1998 இவ்வகைக்குப் பொன்னான ஆண்டு. ஜப்பானிலிருந்து டெஞ்சுவும் மெட்டல் கியர் சாலிடும், ஸ்பெயினின் பைரோ ஸ்டுடியோஸிலிருந்து கமாண்டோஸும், அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸிலிருந்து தீஃப்பும் அந்த ஒரே ஆண்டில் வந்தன. மெட்டல் கியர் சாலிட் 60 லட்சத்துக்கு மேல் விற்றது. கமாண்டோஸும் நன்றாக விற்றது. எனவே இவ்வகை ஆட்டம் விற்கவே விற்காது என்று யாரும் அன்று சொல்லியிருக்க முடியாது.

கண்ணமங்கலத்தில் ஐ.ஜி.ஐ.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு நெசவின் வட்டாரம் இது. தறியோசை கேட்கும் தெருக்களுக்குப் பக்கத்திலேயே, 2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. தேர்வு முடிவு பார்க்கவும் விண்ணப்பம் நிரப்பவும் பகலில் பெரியவர்கள் வருவார்கள். பள்ளி விட்ட பிறகு அவை பையன்களுடையவை.

என் வகுப்பு மாணவர்கள் இருவர் தொடர்ந்து கடைசிப் பாடவேளையில் காணாமல் போனதால் ஒருநாள் அப்படி ஒரு சென்டருக்குத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே 6 கணினிகள். ஒன்றின் முன்னால் ஒருவன் உட்கார்ந்திருக்க, நான்கு பேர் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரையில் ஒரு மலைச்சரிவு, கீழே கம்பிவேலி, காவல் கோபுரம். ஆடுபவன் எதையும் சுடவில்லை. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தான். நின்றவர்களும் மூச்சு விடவில்லை. என் வகுப்பில் அவர்கள் ஒருநாளும் அப்படி அமைதியாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திட்டப் போனவன், என்ன இது என்று கேட்டேன். "சார், கேமராவுல பட்டாலும் போச்சு, ஆளு பாத்தாலும் போச்சு சார். அலாரம் அடிச்சிட்டான்னா உள்ளருந்து வந்துக்கினே இருப்பானுங்க. அப்புறம் மொதல்லருந்து ஆடணும்" என்றான் ஒருவன்.

அவன் சொன்னதில் ஐ.ஜி.ஐ.யின் அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. பரந்த வெளி, எந்தப் பக்கத்திலிருந்தும் நெருங்கலாம். கண்காணிப்புக் கேமராக்களைக் கணினி அறைக்குள் புகுந்து நிறுத்தலாம். ஓசை எழுந்தால் படைவீட்டிலிருந்து வீரர்கள் வருவார்கள். கட்டத்தின் நடுவே ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியே இல்லை. இறந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் மீண்டும் தொடங்க வேண்டும். மேற்கத்திய விமர்சகர்கள் இதைப் பெரிய குறையாக எழுதினார்கள். காவலாளிகளின் மந்தபுத்தியும், பலர் சேர்ந்து ஆட முடியாததும் அவர்கள் சொன்ன மற்றக் குறைகள். இங்கே நடுக்கட்டத்தில் மின்சாரம் போனால் பையன்கள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்கும். ஆனாலும் மறுநாள் வந்து அதே மலைச்சரிவிலிருந்து இறங்குவார்கள்.

சென்டர் நடத்தியவரிடம், நல்ல வருமானமோ என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். "இல்ல சார். ஐ.ஜி.ஐ. போட்டா ஒருத்தன் காசு குடுப்பான், நாலு பேரு ஓசியில பாப்பான். கவுண்டர் ஸ்டிரைக் போட்டா அஞ்சு பேரும் காசு குடுப்பான்."

ஒரு மாத இடைவெளி

அவர் குறிப்பிட்ட கவுண்டர் ஸ்டிரைக், ஹாஃப் லைஃப் என்ற ஆட்டத்தின் மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு ஆர்வலர்கள் கட்டிய கிளை ஆட்டம். 1999இல் இலவசமாக இணையத்தில் வந்தது. வால்வ் நிறுவனம் அதை வாங்கி 2000 நவம்பரில் கடைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதம் ஐ.ஜி.ஐ. வந்தது. இரண்டிலும் துப்பாக்கி, இரண்டும் முதல்-ஆள் பார்வை, இரண்டும் நம் ஊர் கணினிகளில் ஓடின. வேறுபாடு ஒன்றே ஒன்று: ஒன்றில் எதிரே இருப்பவன் மனிதன், மற்றொன்றில் எதிரே இருப்பவன் கணினி எழுதிய காவலாளி.

இந்த ஒரு வேறுபாடு வணிகத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பாருங்கள். மனிதன் எதிரே இருந்தால் ஒவ்வொரு சுற்றும் புதிது. ஆட்டத்தை ஆக்கியவர் புதிதாக எதையும் செய்து தர வேண்டியதில்லை. ஒரே வரைபடத்தில் பத்தாண்டு ஆடலாம். நண்பன் ஆடுகிறான் என்பதற்காகவே இன்னொருவன் வருவான். காவலாளி எதிரே இருந்தால், அவன் நடக்கும் பாதை மனப்பாடம் ஆகும்வரைதான் சுவை. 14 கட்டங்கள் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. எத்தனை ஆயிரம் பேர் அதை நேசித்தாலும் ஒவ்வொருவரிடமும் ஒரு தடவைதான் விலை கேட்க முடியும்.

கவுண்டர் ஸ்டிரைக் இன்றும் ஓடுகிறது. 2013 ஆகஸ்ட் முதல் அதில் துப்பாக்கிகளுக்கு வண்ணப்பூச்சு விற்கிறார்கள். ஆட்டத்தின் போக்கில் எந்த மாற்றமும் தராத வெறும் வண்ணம், அதற்கு மக்கள் பணம் கொடுக்கிறார்கள். ஏனென்றால் அதைப் பார்க்க இன்னொரு மனிதன் எதிரே இருக்கிறான். ஒளிந்தாடும் ஆட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் போவதே நோக்கம். அங்கே வண்ணத் துப்பாக்கி யாருக்கு?

இன்னர்லூப்புக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டாம் பாகத்தில் பலர் ஆடும் வசதியையும், கட்டத்தின் நடுவே சில தடவை சேமிக்கும் வசதியையும் சேர்த்தார்கள். ஆனால் 2003க்குள் அந்த இடத்தில் கவுண்டர் ஸ்டிரைக் அசைக்க முடியாதபடி உட்கார்ந்துவிட்டது.

சி.டி. வந்த வழி

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். ஐ.ஜி.ஐ. முழுவதும் ஒரே சி.டி.யில் அடங்கியது. சி.டி. எழுதும் கருவி வந்த பிறகு அதைப் படியெடுக்க வெற்று சி.டி.யின் விலையும் சில நிமிடங்களும் போதும். சென்னைக் கடற்கரை நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார் முதல் மாவட்டத் தலைநகரங்களின் நடைபாதைகள் வரை, திரைப்படங்களோடு சேர்ந்து ஆட்டங்களின் படிகளும் விற்றன. உண்மையான சி.டி.யை விற்கும் கடை கண்ணமங்கலத்தில் இல்லை. ஆரணியிலும் நான் பார்த்ததில்லை. எனவே அந்தப் பையன்கள் 'வாங்காமல் திருடினார்கள்' என்று சொல்வது முழுச் சரியன்று. வாங்குவதற்கான கதவே அவர்கள் தெருவில் இல்லை. தாங்கள் ஆடுவது படியெடுத்த ஆட்டம் என்பதே பலருக்குத் தெரியாது.

சட்டம் இருந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 1994இல் திருத்தியபோது 63பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கணினி நிரலின் திருட்டுப் படியைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது அது. தமிழ்நாட்டில் 2004இல் இன்னும் ஒரு படி மேலே போய், குண்டர் தடுப்புச் சட்டம் என்று வழக்கில் சொல்லப்படும 1982ஆம் ஆண்டுச் சட்டத்திற்குள் வீடியோ திருட்டையும் கொண்டுவந்தார்கள். அது திரைத்துறையின் கோரிக்கை. திரைப்படத்திற்காகக் குரல் கொடுக்க இங்கே தயாரிப்பாளர்களும் நடிகர்களும் இருந்தார்கள். ஆஸ்லோவில் இருந்த ஆட்டத்தொழிலாளிக்காக ஆரணியில் பேச யார் இருந்தார்கள்?

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வழி உண்டு. புதிய கரை ஒன்றுக்கு முதலில் கட்டம் போட்ட தாளில் வடிவம் வரைய வேண்டும், பிறகு ஜக்கார்டு அட்டைகளில் துளையிட வேண்டும், தறியில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். இந்தச் செலவும் நாள்களும் முதலில் செய்தவர் தலையில். சேலை கடைக்குப் போனதும் அதைப் பார்த்து விசைத்தறியில் யாரும் அதே தோற்றத்தை எடுத்துவிடலாம். கைத்தறிக்குச் சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தும் இந்தச் சண்டை ஓயவில்லை. கணினி விளையாட்டில் இது இன்னும் கடுமை. அங்கே செலவு முழுவதும் முதல் படியில்தான். இரண்டாவது படிக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை.

ஆனாலும் திருட்டுப்படி எல்லா ஆட்டத்துக்கும் பொது. கவுண்டர் ஸ்டிரைக்கும் அதே நடைபாதையில்தான் விற்றது. இணையம் வழியாகப் பிறரோடு ஆட உண்மையான எண் தேவைப்பட்டதால், வசதி வந்தபோது அதன் ரசிகர்கள் வாங்கத் தொடங்கினார்கள். தனியாக ஆடும் ஆட்டத்துக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை.

காவலாளியின் விலை

ஒளிந்தாடும் ஆட்டங்களின் செலவுக் கணக்கை மாணவர்கள் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரணத் துப்பாக்கி ஆட்டத்தில் ஓர் எதிரி சில விநாடிகள் உயிரோடு இருந்தால் போதும்: ஓடி வருவான், சுடுவான், விழுவான். ஒளிந்தாடும் ஆட்டத்தில் அதே ஆளை நாம் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவன் நடக்கும் வழி, நிற்கும் இடம், கண் எட்டும் தொலைவு, இருட்டில் எவ்வளவு தெரியும், எந்த ஓசைக்குத் திரும்புவான், சந்தேகம் வந்தால் எங்கே தேடுவான், எவ்வளவு நேரத்தில் 'ஒன்றுமில்லை' என்று திரும்பிப் போவான் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். தீஃப் ஆட்டத்தில் கல்தரையில் நடந்தால் ஓசை அதிகம், கம்பளத்தில் நடந்தால் ஓசை இல்லை. நாம் எந்த அளவு இருட்டில் இருக்கிறோம் என்பதைத் திரையின் அடியில் ஒரு மணிக்கல் காட்டும். இவ்வளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு காவலாளி சுவருக்கு அப்பால் நம்மைப் பார்த்துவிட்டால் ஆடுபவரின் நம்பிக்கை போய்விடும். ஐ.ஜி.ஐ.யில் இந்தக் குறை உண்டு என்பதை அதை விரும்புகிறவர்களும் மறுக்க மாட்டார்கள்.

வழிகளின் கதையும் அப்படியே. ஒரு மாளிகைக்குள் நுழைய ஜன்னல், சாக்கடை, கூரை, முன்வாசல் என நான்கு வழி வைத்தால், ஆடுபவர் ஒன்றில்தான் போவார். மற்ற மூன்றும் அவர் கண்ணில் படாமலே போகும் உழைப்பு. 'எனக்கு வேறு வழியும் இருந்தது' என்ற உணர்வுதான் இவ்வகையின் உயிர் என்பதால் அந்த மூன்றையும் வெட்டவும் முடியாது.

விளம்பரத்திலும் சங்கடம். வெடிப்பையும் துரத்தலையும் ஒரு நிமிடப் படத்துண்டில் காட்டி ஆளை இழுக்கலாம். ஒருவன் நிழலில் மூன்று நிமிடம் நிற்பதை எப்படிக் காட்டுவது? அந்த மூன்று நிமிடத்தின் படபடப்பு ஆடுபவனுக்கும் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவனுக்கும்தான் தெரியும். கூடவே, பொறுமை இல்லாதவர்களை இவ்வகை முதல் அரைமணியிலேயே துரத்திவிடும்.

ஐடோஸின் நான்கு பிள்ளைகள்

இவ்வகையின் வணிக வரலாற்றில் ஐடோஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். தீஃப், கமாண்டோஸ், ஐ.ஜி.ஐ., டென்மார்க்கின் ஐ.ஓ. இன்டராக்டிவ் செய்த ஹிட்மேன் ஆகிய நான்கையும் வெளியிட்டது அந்த ஒரே நிறுவனம். ஹிட்மேன் முதல் பாகமும் 2000 நவம்பரில்தான் வந்தது.

அதே 2000ஆம் ஆண்டு மே 24 அன்று லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. தீஃப் முதல் பாகம் அதற்குள் சுமார் 5 லட்சம் படிகள் விற்றிருந்தது. அந்த நிறுவனத்தின் ஆட்டங்களிலேயே நன்றாக விற்றது அதுதான். இரண்டாம் பாகம் வெளிவந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. வேறு ஆட்டங்களில் விழுந்த நட்டத்தையும் வெளியீட்டாளரின் பணநெருக்கடியையும் தீஃப் ஈட்டிய பணத்தால் தாங்க முடியவில்லை. இன்றும் ஆட்டங்களின் சிறந்த பட்டியல் போடும் எவரும் தீஃப்பை விடுவதில்லை.

ஐடோஸும் நிலைக்கவில்லை. 2005இல் எஸ்.சி.ஐ. நிறுவனத்திடம் போய், 2009இல் ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸிடம் போனது. ஹிட்மேன் செய்த ஐ.ஓ. இன்டராக்டிவும் அந்தச் சொத்தோடு கைமாறியது.

ஸ்குவேர் எனிக்ஸ் காலத்தில், 2016இல், புதிய ஹிட்மேன் ஆட்டம் தொலைக்காட்சித் தொடர்போல ஊர் ஊராக, ஆறு பகுதிகளாக வந்தது. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். வாங்குபவர்களோ, முழுதாக வரட்டும் என்று காத்திருந்தார்கள். 2017 மே மாதம் ஸ்குவேர் எனிக்ஸ் ஐ.ஓ.வைக் கைவிடுவதாக அறிவித்து, சுமார் 490 கோடி யென் நட்டம் எழுதியது. இன்னர்லூப், லுக்கிங் கிளாஸ் வரிசையில் மூன்றாவது பெயர் சேர்ந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

ஆனால் 2017 ஜூனில் ஐ.ஓ.வின் நிர்வாகிகளே நிறுவனத்தை வாங்கிக்கொண்டார்கள். ஹிட்மேன் உரிமையும் அவர்களிடமே வந்தது. பணியாளர்களில் ஒரு பகுதியினர் வேலை இழந்தார்கள். பிறகு அவர்கள் செய்தது வேறு விதமான கணக்கு. ஒவ்வொரு பாகத்துக்கும் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டாமல், பழைய ஊர்களையும் பழைய அடித்தளத்தையும் வைத்துக்கொண்டு மேலே மேலே சேர்த்தார்கள். ஒரு ஊரையே இருபது விதமாக ஆடத் தூண்டினார்கள். சில நாள்கள் மட்டும் இருந்துவிட்டு மறையும் இலக்கு, ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் போனது என்று 2016லேயே தொடங்கிய வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஒரு தடவை முடித்துவிட்டு மூடிவைக்கும் ஆட்டத்தை, திரும்பி வரும் ஆட்டமாக மாற்றும் வேலை இது. 2021 ஜனவரியில் தாங்களே வெளியிட்ட ஹிட்மேன் 3, ஒரு வாரத்துக்குள் செய்த செலவைத் திருப்பித் தந்தது என்று நிறுவனம் அறிவித்தது.

இடையில் 2018 நவம்பரில் வந்த ஹிட்மேன் 2இல் ஒரு கட்டம் மும்பையில் நடக்கிறது. நெருக்கமான சந்துகள், சலவைத் தொழில் நடக்கும் இடம், படப்பிடிப்புத் தளம் என்று கூட்டத்துக்குள் கலந்து மறைவதே அங்கே உத்தி. ஒளிந்தாடும் ஆட்டங்களைப் படிகளில் ஆடி வளர்ந்த நாடு, இருபது ஆண்டு கழித்து அப்படி ஓர் ஆட்டத்தின் களமானது. அதற்குள், 2015 நவம்பர் முதல், ஸ்டீம் இணையக் கடையில் ரூபாயிலேயே விலை போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள்.

எல்லோருக்கும் ஹிட்மேனின் வழி கிட்டவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்த மிமிமி கேம்ஸ், கமாண்டோஸின் மரபில் ஷேடோ டாக்டிக்ஸ் (2016), டெஸ்பெராடோஸ் 3 (2020) ஆகிய ஆட்டங்களைச் செய்து பெரும் பாராட்டுப் பெற்றது. 2023 ஆகஸ்ட் 17 அன்று ஷேடோ காம்பிட் என்ற மூன்றாவது ஆட்டத்தை வெளியிட்டு, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே நிறுவனத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகவும் செலவு மிக்கதாகவும் ஆனதன் சுமை தங்களையும் தங்கள் குடும்பங்களையும் வாட்டிவிட்டது என்பது நிறுவனர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அங்கே திருட்டு சி.டி. பேச்சே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

பெரிய நிறுவனமான யுபிசாஃப்டுக்கும் இதே சிக்கல் வந்தது. 2002இல் தொடங்கிய ஸ்பிளின்டர் செல் வரிசையின் பிளாக்லிஸ்ட் என்ற பாகம் 2013இல் வந்து, சில மாதங்களில் சுமார் 20 லட்சம் விற்றது. ஒரு சிறு நிறுவனத்துக்கு அது வாழ்வு. யுபிசாஃப்டுக்கு அது எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வரிசை அதோடு நின்றது. 2021இல் முதல் பாகத்தை மீண்டும் செய்யப்போவதாக அறிவித்தார்கள். அதே நிறுவனத்தின் அசாசின்ஸ் கிரீட் (2007) பிழைத்துக்கொண்டது. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பதுங்குவதைக் குறைத்து, சண்டை, கப்பல், நாடு சுற்றுதல் என்று விரிந்தது. மீண்டும் பதுங்குதலுக்குத் திரும்பிய மிராஜ் (2023) அளவில் சிறியது, விலையும் குறைவு. எனக்குத் தோன்றுவது, இவ்வகைக்குப் பொருத்தமான அளவு அதுதான் என்பது. ஒளிந்தாடும் ஆட்டத்துக்கு உண்மையான ரசிகர் கூட்டம் உண்டு, ஆனால் அது ஓரளவான கூட்டம். அந்த அளவுக்குச் செலவு செய்தவர்கள் பிழைக்கிறார்கள். எல்லோரும் வாங்குவார்கள் என்று கணக்கிட்டவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறகு

பிரவுசிங் சென்டர்கள் பெரும்பாலும் போய்விட்டன. நான் பார்த்த மாடிப்படிக் கடை இன்று கைப்பேசி பழுது பார்க்கும் கடை. 2018இல் பப்ஜி கைப்பேசிக்கு வந்தபோது எங்கள் பகுதிப் பையன்கள் அனைவரும் அதற்குள் போனார்கள். இலவச ஆட்டம், 100 பேர், உடைக்கும் துப்பாக்கி வண்ணத்துக்கும் மட்டும் காசு. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது. அதில் ஒரு பையன் புல்லுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு அசையாமல் பத்து நிமிடம் கிடப்பதைப் பார்த்தேன். ஏன் ஓடவில்லை என்று கேட்டதற்கு, "பாத்துடுவான் தாத்தா" என்றான். ஒளியும் சுவை போகவில்லை. காவலாளியின் இடத்துக்கு 99 மனிதர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடைபாதை எழுதித் தர யாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

ஐ.ஜி.ஐ.யின் முன்கதையாக ஐ.ஜி.ஐ. ஆரிஜின்ஸ் என்ற ஆட்டத்தைச் செய்வதாக ஸ்வீடனின் டோட்மேன் இன்டராக்டிவ் 2019இல் அறிவித்தது. அன்று கடைசிப் பாடவேளையில் காணாமல் போன இருவரில் ஒருவர் இப்போது பெங்களூரில் மென்பொருள் பணியில் இருக்கிறார். அறிவிப்பு வந்த அன்றே எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "இந்தத் தடவை காசு குடுத்து வாங்கிடறேன் சார்." நான் இதை எழுதும் வரை அந்த ஆட்டம் வெளிவரவில்லை.